நிலைமாற்று ஒலிமிகைப்பியின் பயனுறுதிறன்: விழுப்புரம்–திண்டிவனம் சாலையின் சிறுகருவிகளை முன்வைத்து ஓர் ஆய்வு

1. பொருளும் எல்லையும்

விழுப்புரத்திலிருந்து திண்டிவனம் ஏறத்தாழ 40 கிலோமீட்டர். முண்டியம்பாக்கம், விக்கிரவாண்டி, கூட்டேரிப்பட்டு என்று நீளும் இச்சாலையில் காலை வேளையில் நின்று காதைக் கொடுத்தால், மின்கலத்தால் இயங்கும் ஒலிக்கருவிகள் மூன்று வகையாகக் கேட்கும். முதலாவது, இருசக்கர வண்டியின் முன்புறம் கட்டிய சிறு கூம்புக்குழாய். மரக்காணத்து உப்பு விற்பவர் ஒருமுறை பதிந்து வைத்த குரலையே நாள் முழுதும் ஒலிக்கவிடுகிறார். இரண்டாவது, தனிப்பயிற்சி வகுப்பில் ஆசிரியர் இடுப்பில் கட்டிக்கொள்ளும் கைப்பிடியளவுப் பெட்டி. மூன்றாவது, தேநீர்க் கடைப் பலகைமேல் இருக்கும் புளூடூத் பெட்டி. இம்மூன்றின் உள்ளேயும் இன்று பெரும்பாலும் இருப்பது ஒரே இனத்துச் சில்லு. அதைக் கடைத்தெருவில் 'டி கிளாஸ்' என்பார்கள்.

அந்தச் சில்லின் விவரத்தாளில் பயனுறுதிறன் 90 விழுக்காடு என்று அச்சாகியிருக்கும். அந்த எண் பொய்யன்று. ஆனால் எந்த நிலைமையில் அது உண்மையோ, அந்த நிலைமையில் மேற்சொன்ன மூன்று கருவிகளுள் ஒன்றும் பெரும்பொழுது இயங்குவதில்லை. ஒரு கைக்கருவியின் பயனுறுதிறனை அதன் முழுத்திறனில் அளக்காமல், அது உழைக்கும் நாளின் அளவில், மின்கலம் தொடங்கிக் காது வரை அளக்க வேண்டும் என்பதே இக்கட்டுரையில் நாம் நிறுவ முயல்வது.

2. சொல்லும் வரையறையும்

அண்ணா பல்கலைக்கழகம் 2010-இல் தமிழ்வழியில் தொடங்கிய பொறியியல் பாடங்கள் குடிசார்ப் பொறியியலும் எந்திரவியலுமே. மின்னணுவியல் அப்போது சேரவில்லை. ஆதலால் இத்துறையின் சொற்கள் இன்னும் ஒருநிலைப்படவில்லை; நாம் ஆளும் சொற்களுக்குப் பொருளை முதலிலேயே வரையறுத்துக்கொள்வது நல்லது.

மிகைப்பி என்பது சிறிய மின்சைகையின் வடிவத்தைப் பின்பற்றி, மின்கலத்திலிருந்து பெரிய மின்திறனை எடுத்துத் தரும் சுற்று. ஒலிபெருக்கி என்பது அம்மின்திறனைக் காற்றதிர்வாக்கும் கருவி. ஒலிபெருக்கி எதையும் பெருக்குவதில்லை, பெருக்குவது மிகைப்பியே. எனினும் வழக்கு வலியது, அதனோடு பூசலிட நாம் முனையவில்லை.

நிலைமாற்றம் என்பது ஒரு திரிதடையம் (டிரான்சிஸ்டர்) முழுத் திறப்பு, முழு மூடல் என்னும் இரு நிலைகளில் மட்டும் நின்று, ஒன்றிலிருந்து மற்றொன்றுக்கு விரைந்து தாவுதல். இவ்வாறு தாவும் திரிதடையங்களைக் கொண்டு ஒலிச்சைகையை மிகைப்பது நிலைமாற்று ஒலிமிகைப்பி.

வெற்றுநிலை மின்னோட்டம் என்பது ஒலியே இல்லாதபோதும் மிகைப்பி இழுத்துக்கொண்டிருக்கும் மின்னோட்டம். இச்சொல்லை வாசகர் நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும். பின்னர் இதுவே கணக்கைத் தலைகீழாக்கும்.

3. வகுப்புகள்

மிகைப்பிகளை, அவற்றின் திரிதடையம் எவ்வளவு நேரம் கடத்துகிறது என்பதைக் கொண்டு வகுப்பது மரபு. ஏ வகுப்பில் அது இடைவிடாது கடத்தும். உருத்திரிபு, அதாவது அலைவடிவச் சிதைவு, மிகக் குறைவு; வெப்பம் மிக அதிகம், கைக்கருவிக்கு ஆகாது. பி வகுப்பில் இரு திரிதடையங்கள் அலையின் மேற்பாதியையும் கீழ்ப்பாதியையும் பகிர்ந்துகொள்ளும். ஏபி வகுப்பு இரண்டுக்கும் இடைப்பட்டது. எல்எம்386, டிடிஏ2030 முதலிய பழகிய சில்லுகள் இவ்வகையின. நம் ஊர்களின் ரேடியோ பழுதுகடைகளில் ஒரு தலைமுறையே இவற்றைக் கொண்டு தொழில் கற்றது.

பி வகுப்பின் உச்சப் பயனுறுதிறன் கோட்பாட்டளவில் 78.5 விழுக்காடு. அது அலையின் வீச்சு மின்வழங்கியின் அழுத்தத்தை முழுதும் தொடும்போது மட்டுமே கிட்டும். வீச்சு பாதியானால் பயனுறுதிறனும் பாதி. வீச்சு கால் ஆனால் அதுவும் கால். அதாவது, மெல்ல ஒலிக்கும்போதுதான் இவ்வகுப்பு மிக வீணடிக்கிறது. காரணம் எளிது: திரிதடையம் பாதி திறந்த குழாய்போல நின்று, வேண்டாத அழுத்தத்தையெல்லாம் தன்மேல் தாங்கி வெப்பமாக்குகிறது.

டி வகுப்பு அந்தப் பாதித் திறப்பையே ஒழிக்கிறது. விழுப்புரம் சந்திப்பில் தண்டவாளத் தடமாற்றியைப் பார்த்தவர்க்கு இது உடனே விளங்கும். சென்னையிலிருந்து வரும் வண்டி விருத்தாசலம் பாதையில் போகலாம், அல்லது மயிலாடுதுறைப் பாதையில் போகலாம்; இரண்டுக்கும் நடுவே தடமாற்றி நிற்கக் கூடாது. டி வகுப்பின் திரிதடையமும் அப்படித்தான். மூடியிருக்கையில் மின்னோட்டமில்லை; திறந்திருக்கையில் தன்மேல் அழுத்தமில்லை. இழப்புத்திறன் இவ்விரண்டின் பெருக்கற்பலன் ஆகையால், இரு நிலையிலும் அது சுழியை நெருங்குகிறது.

இக்கருத்து புதிதன்று. 1950-களில் அலெக் ரீவ்ஸ் இதற்கு வித்திட்டார் என்பது பொதுவான கூற்று. பிரிட்டனில் கிளைவ் சின்கிளேர் 1964-இல் எக்ஸ்-10 என்ற பெயரில் இதை விற்பனைக்குக் கொணர்ந்தார். அன்றைய திரிதடையங்கள் போதிய விரைவில் தாவவில்லை, அக்கருவி நிலைக்கவில்லை. மாஸ்ஃபெட் என்னும் புலவிளைவுத் திரிதடையம் மலிவான பிறகே டி வகுப்புக்கு வாழ்வு வந்தது. கருத்து பொருளுக்காகக் காத்திருந்த வரலாறு இது.

4. செயற்படும் படிகள்

ஒலிச்சைகை முதலில் துடிப்பகலப் பண்பேற்றத்துக்கு உள்ளாகிறது. சில்லின் உள்ளே நொடிக்குப் பல இலட்சம் முறை ஏறியிறங்கும் முக்கோண அலை ஒன்று உண்டு. ஒப்பீட்டி என்னும் உறுப்பு ஒலிச்சைகையையும் முக்கோண அலையையும் கணந்தோறும் ஒப்பிடுகிறது. சைகை மேலே இருந்தால் வெளியீடு உயர்நிலை, கீழே இருந்தால் தாழ்நிலை. ஆகவே சைகை உயர உயரத் துடிப்பு அகன்றுகொண்டே போகும். 5 வோல்ட் வழங்கியில் துடிப்பு முக்கால் நேரம் உயர்நிலையில் நின்றால், அதன் சராசரி 3.75 வோல்ட். சராசரியில்தான் ஒலி ஒளிந்திருக்கிறது.

இரண்டாம் படி திறன்படி. மேலும் கீழுமாக இரு மாஸ்ஃபெட்டுகள் கொண்டது அரைப்பாலம். அத்தகைய இரண்டின் நடுவே ஒலிபெருக்கியைக் கட்டினால் முழுப்பாலம். கைக்கருவிகளில் முழுப்பாலமே விரும்பப்படுகிறது. 5 வோல்ட் கொண்டு இருதிசையிலும் 5 வோல்ட் வீச்சு பெறலாம், பெரிய இணைப்பு மின்தேக்கியும் தேவையில்லை. 4 ஓம் ஒலிபெருக்கியில் இது தரத்தக்க சைன் அலைத் திறன் ஏறத்தாழ 3.1 வாட். கடைகளில் பரவலாகக் கிடைக்கும் பிஏஎம்8403 சில்லின் மேல் '3 வாட்' என்று சொல்லப்படுவதன் வேர் இங்கே. அந்த 3 வாட்டும் உருத்திரிபு 10 விழுக்காட்டை எட்டும் இடத்தில் அளந்தது என்பதை விவரத்தாளே ஒப்புக்கொள்கிறது. 10 விழுக்காட்டு உருத்திரிபில் உப்புக்காரரின் 'கல்லுப்பு' நமக்குக் 'கரகர' என்றே கேட்கும்.

மேல் மாஸ்ஃபெட்டும் கீழ் மாஸ்ஃபெட்டும் கணப்பொழுது ஒருசேரத் திறந்தால் மின்கலம் குறுக்கே இணைந்துவிடும். அதைத் தடுக்க, ஒன்று மூடி மற்றது திறக்கும் முன் சில பத்து நானோநொடிகள் இரண்டையும் மூடி வைப்பர். இதை ஓய்விடை என்போம். ஓய்விடை மிகுந்தால் உருத்திரிபு ஏறும்; குறைந்தால் மின்னோட்டம் குறுக்கே பாயும். வடிவமைப்பாளரின் கைத்திறன் பெரிதும் வெளிப்படும் இடம் இது. சில்லு வாங்கிப் பொருத்துவோர்க்கு இதில் கைவைக்க வழியில்லை என்பதும் உண்மை.

மூன்றாம் படி வடிகட்டல். மின்தூண்டியும் மின்தேக்கியும் சேர்ந்து தாவலை அகற்றிச் சராசரியை மட்டும் விடுகின்றன. 8 ஓம் ஒலிபெருக்கியை முழுப்பாலத்தில் கட்டும்போது, ஒவ்வொரு பாதிக்கும் 22 மைக்ரோஹென்றியும் 0.68 மைக்ரோஃபாரடும் வைத்தால் வெட்டு அதிர்வெண் ஏறத்தாழ 41 கிலோஹெர்ட்ஸ். காதுக்குரிய 20 கிலோஹெர்ட்ஸ் தடையின்றிக் கடக்கும். தாவல் அதிர்வெண் பெரிதும் அடங்கும்.

சிறு சில்லுகள் இவ்வடிகட்டியை விட்டுவிடுகின்றன. ஒலிபெருக்கியின் சுருளே மின்தூண்டியாக நின்று தாவல் மின்னோட்டத்தைத் தடுத்துவிடும் என்பது அவற்றின் வாதம். கம்பி ஒரு சாண் நீளமாக இருக்கும்வரை இவ்வாதம் நிற்கும். திண்டிவனம் வட்டாரத்துக் கூத்து மேடையில் குழாயைத் தென்னையில் கட்டி, அம்பது அறுபது மீட்டர் கம்பி இழுக்கும்போது இது விழுந்துவிடுகிறது. அந்தக் கம்பி அலைவாங்கியாக அன்று, அலைபரப்பியாக மாறுகிறது.

இதில் ஓர் எண்கணக்கு கவனிக்கத்தக்கது. சென்னை வானொலியின் மத்திய அலை 720 கிலோஹெர்ட்ஸ், திருச்சியினுடையது 936 கிலோஹெர்ட்ஸ். தாவல் அதிர்வெண் 240 கிலோஹெர்ட்ஸ் ஆனால் அதன் மூன்றாம் மடங்கு சரியாகச் சென்னையின்மேல் விழும்; 312 ஆனால் திருச்சியின்மேல். பிஏஎம்8403 சில்லுக்குச் சொல்லப்படும் தாவல் அதிர்வெண் 260 கிலோஹெர்ட்ஸ்; மூன்றாம் மடங்கு 780. ஆனால் இவ்வகைச் சில்லுகளில் அதிர்வெண் சற்று முன்பின்னாகவே அமையும். எட்டு விழுக்காடு சரிந்தாலே 720-க்கு அருகில் வந்துவிடும். 2024 நவம்பர் 30-இல் ஃபெஞ்சல் புயல் புதுச்சேரி அருகே கரைகடந்தபோது மயிலத்தில் ஒரே நாளில் ஏறத்தாழ 50 செ.மீ. மழை கொட்டியது. மின்சாரம் போன அத்தகைய இரவுகளில் மின்கல வானொலியும் மின்கல ஒலிப்பெட்டியும் ஒரே பலகையில் அருகருகே இருக்கும். ஒன்று மற்றொன்றின் செய்தியை இரைச்சலில் மூழ்கடிப்பது சிறு குறையன்று. ஆகவே வடிகட்டியின் விலையை மிச்சம் பிடிப்பதில் நமக்கு உடன்பாடில்லை. கம்பி நீளமெனில் முழு வடிகட்டி, குறுகலெனில் குறைந்தது ஒரு ஃபெரைட் மணியாவது வேண்டும்.

5. இழப்பின் காரணங்கள்

நிலைமாற்று மிகைப்பியில் ஆற்றல் மூன்று வழியில் ஒழுகுகிறது.

முதலாவது கடத்தல் இழப்பு. திறந்த மாஸ்ஃபெட்டுக்கும் சிறு தடை உண்டு. பாதையில் இரண்டும் சேர்ந்து 0.4 ஓம் என்று கொண்டால், 4 ஓம் ஒலிபெருக்கியோடு ஒப்பிடப் பத்தில் ஒரு பங்கு. இது ஒலியோடு வளரும், ஒலியோடு தேயும். சில்லு சூடேறினால் இத்தடையும் ஏறும். அக்னி நட்சத்திர வெயிலில் வண்டியின்மேல் கிடக்கும் மூடிய பிளாஸ்டிக் பெட்டிக்கு இது பொருட்படுத்தத்தக்கது.

இரண்டாவது தாவல் இழப்பு. ஒவ்வொரு தாவலிலும் மாஸ்ஃபெட்டின் வாயில் முனையிலுள்ள மின்தேக்கத்தை நிரப்பி வடிக்க வேண்டும். இது அதிர்வெண்ணுக்கு நேர்விகிதத்திலும், அழுத்தத்தின் இருபடிக்கு நேர்விகிதத்திலும் அமையும். ஒலி இருந்தாலும் இல்லாவிட்டாலும் தாவல் நிற்காது.

மூன்றாவது, சில்லின் உள்ளுறுப்புகள் தம் பிழைப்புக்கு எடுத்துக்கொள்வது. பின்னிரண்டும் சேர்ந்தே நமக்கு வெற்றுநிலை மின்னோட்டமாகத் தெரிகின்றன. பிஏஎம்8403 சில்லில் 5 வோல்ட்டில் இது ஏறத்தாழ 16 மில்லியாம்பியர். திறனாகச் சொன்னால் 80 மில்லிவாட்.

6. உழைக்கும் நாளின் கணக்கு

இப்போது ஆசிரியரின் இடுப்புப் பெட்டியை எடுத்துக்கொள்வோம். மனிதப் பேச்சில் உச்சத்துக்கும் சராசரிக்கும் இடைவெளி பெரிது. உச்சம் அறுபடாமல் இருக்க வேண்டுமெனில், சராசரித் திறன் முழுத்திறனின் பதினாறில் ஒரு பங்கு என்று கொள்வது மிகையாகாது; அலைவீச்சு நாலில் ஒன்று. பேச்சு சைன் அலையன்று. ஆயினும் ஒப்பீட்டுக்கு அதையே அளவுகோலாகக் கொள்கிறோம்.

சராசரி வெளியீடு 0.2 வாட். பி வகுப்பில் அப்போதைய பயனுறுதிறன் 19.6 விழுக்காடு, ஆகவே இழுப்பது ஏறத்தாழ 1 வாட். டி வகுப்பில் வெளியீடு 0.2, கடத்தல் இழப்பு 0.02, வெற்றுநிலை 0.08, மொத்தம் 0.3 வாட். பயனுறுதிறன் மூன்றில் இரண்டு. அச்சிட்ட 90 எங்கே என்று கேட்டால், அது முழு ஓசையில் இருக்கிறது. முழு ஓசையில் எந்த ஆசிரியரும் பாடம் நடத்துவதில்லை.

2200 மில்லியாம்பியர்-மணி கொண்ட ஒரு 18650 மின்கலத்தில் ஏறத்தாழ 8.1 வாட்-மணி உண்டு. அதன் 3.7 வோல்ட்டை 5 ஆக்கும் அழுத்த உயர்த்தி 85 விழுக்காடு திறனுடையது என்று கொண்டால், பி வகுப்புப் பெட்டி ஏழு மணி நேரமும் டி வகுப்புப் பெட்டி இருபத்துமூன்று மணி நேரமும் பேசும். அச்சிட்ட எண்ணை எட்டாவிட்டாலும் டி வகுப்பின் வெற்றி ஐயத்துக்கு இடமற்றது. இதுவரை விளம்பரக்காரர்க்கும் நமக்கும் பிணக்கில்லை.

பிணக்கு மௌனத்தில் தொடங்குகிறது. வகுப்பில் பாதி நேரம் ஆசிரியர் கரும்பலகையில் எழுதுவார், மாணவரைக் கேட்பார். அப்போதும் 80 மில்லிவாட் போய்க்கொண்டே இருக்கும். பாதி நேரம் மௌனம் எனில் சராசரிச் செலவு 0.19 வாட், அதில் ஐந்தில் இரண்டு பங்கு வெற்றுநிலைக்கே போகிறது. கடத்தல் தடையைப் பாதியாக்கினால் சராசரியில் மிஞ்சுவது 5 மில்லிவாட். வெற்றுநிலையைப் பாதியாக்கினால் மிஞ்சுவது 40. விவரத்தாளின் முதற்பக்கத்தில் கொட்டை எழுத்தில் இருக்கும் எண்ணைவிட, உள்ளே அட்டவணையில் ஒடுங்கிக் கிடக்கும் எண்ணுக்கே நாம் விலை கொடுக்க வேண்டும்.

இவ்வகைப் பெட்டிகளைத் திறந்து பார்த்தால் ஒரு காட்சி அடிக்கடி கிட்டும். சில்லு இரு தடம் உடையது, ஒலிபெருக்கியோ ஒன்றே. இரண்டாம் தடத்தின் வெளியீட்டுப் புள்ளிகளில் ஈயம்கூட ஒட்டியிராது. ஆனால் அத்தடமும் நொடிக்கு இரண்டரை இலட்சம் முறை யாருக்காகவோ தாவிக்கொண்டிருக்கும். ஒருதடச் சில்லு இட்டிருந்தால் வெற்றுநிலைச் செலவு பாதிக்கு நெருக்கமாகக் குறைந்திருக்கும். சில்லில் உறங்குமுனை ஒன்றும் உண்டு. அதைத் தாழ்நிலைக்கு இழுத்தால் செலவு மைக்ரோஆம்பியர் அளவுக்கு விழும். பெரும்பாலான பலகைகளில் அம்முனையை நேரே வழங்கியோடு இணைத்துவிடுகிறார்கள். சில விநாடி ஒலியின்றேல் உறங்கவைக்கும் சிறு சுற்றை இதனோடு சேர்ப்பது கடினமன்று.

7. மிகைப்பிக்கு அப்பால்

மின்திறன் ஒலிபெருக்கியை அடைந்தபின் நிகழ்வதை மிகைப்பி நூல்கள் பேசுவதில்லை. நாம் பேசியாக வேண்டும். 1 வாட் கொடுத்து 1 மீட்டரில் நின்றால் 85 டெசிபெல் தரும் சிறு ஒலிபெருக்கி, அந்த 1 வாட்டில் ஏறத்தாழ 2 மில்லிவாட்டை மட்டுமே ஒலியாக்குகிறது. மற்றது சுருளின் சூடு. கூம்புக்குழாயோ அதே 1 வாட்டுக்கு 105 டெசிபெல்லை ஒட்டித் தரும். இடைவெளி 20 டெசிபெல். திறனளவில் நூறு மடங்கு.

பி வகுப்பை விட்டு டி வகுப்புக்கு மாறி நாம் பெற்றது மூன்று மடங்கு. பெட்டி ஒலிபெருக்கியை விட்டுக் கூம்புக்குழாய்க்கு மாறினால் பெறுவது நூறு மடங்கு. உப்புக்காரர் எந்த விவரத்தாளையும் படிக்காமல் கூம்பைத் தேர்ந்தார். பயனுறுதிறன் இயலில் அவர் தேர்வே முதல் மதிப்பெண் பெறும். குறைகளும் உண்டு. கூம்பு தாழ்ந்த ஒலியைத் தராது, இசைக்கு உதவாது. 2000-ஆம் ஆண்டின் ஒலிமாசு விதிகள் குடியிருப்புப் பகுதிக்குப் பகலில் 55 டெசிபெல் என்று எல்லை வைக்கின்றன. கூம்பின் வாயருகே அது எப்போதோ கடந்திருக்கும். ஆதலால் மிகுந்த திறனைக் கூம்பில் கொட்டுவது பயனற்றதோடு பிழையும் ஆகும்.

இங்கே வடிவமைப்பு எளிதாகிறது. 12 வோல்ட் வழங்கி, 8 ஓம் கூம்பு, முழுப்பாலம்: தரத்தக்க உச்சம் 9 வாட். தெருவுக்குத் தேவை அதில் சிறு பங்கே. 12 வோல்ட்டில் தாவல் இழப்பு 5 வோல்ட்டில் இருப்பதைப்போல ஆறு மடங்கை நெருங்கும் என்பதால், அழுத்தத்தையே குறைத்து, ஒற்றை லித்தியம் மின்கலமும் ஒருதடச் சில்லும் வைத்து, 1 வாட் உச்சத்தில் நிறுத்திவிடலாம். 12 வோல்ட் தரும் ஈய-அமில மின்கலத்தின் இரண்டரைக் கிலோவும் வண்டியிலிருந்து இறங்கும். அந்த இடத்தில் இன்னும் சில பொட்டலம் உப்பு ஏறும்.

8. முனைகள்

இறுதியாக ஒரு சிறு உறுப்பு. மரக்காணத்து அளத்திலிருந்து உப்பு ஏற்றி வரும் வண்டியில் ஒலிபெருக்கி முனைகள் ஆறு மாதத்தில் பச்சை பூத்துவிடுகின்றன. செம்பும் உப்பீரமும் சேர்ந்த விளைவு அது. இம்முனையில் அரை ஓம் தொடுதடை ஏறினால், 4 ஓம் ஒலிபெருக்கிக்குப் போகும் திறனில் ஒன்பதில் ஒரு பங்கு அங்கேயே சூடாகிவிடும். சில்லின் உள்ளே 0.4 ஓமைக் குறைக்க உழைத்தவரின் உழைப்பெல்லாம் இந்த அரை ஓமில் கரையும். திருகு முனையை விட்டுவிட்டு ஈயத்தால் பற்றவைத்து, மேலே மெல்லிய வாசலின் பூச்சு இட்டு, ரப்பர் உறை மாட்டுவது போதும். கூலி சேர்த்தாலும் ஒரு தேநீரின் விலைதான் ஆகும்.